இரண்டு நாள் விடுப்பு: ரபோன் வழக்கும் மனநல வார்டின் சட்டப் பொறுப்பும்

2005 ஏப்ரல் 19. இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரில் ஒரு மருத்துவமனையின் மனநல வார்டு. எட்டு நாட்களுக்கு முன் சேர்ந்த 24 வயதுப் பெண் வீட்டுக்குப் போய்வர விரும்புகிறார். மருத்துவர், நோயாளி, தாய் மூவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். தாய்க்குப் பயம் இருக்கிறது, அதைச் சொல்லவும் செய்கிறார். இரண்டு பகல், இரண்டு இரவு விடுப்பு தரப்படுகிறது. அன்று மாலையே வீட்டுக்குப் போனவர் மறுநாள் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பெற்றோர் தொடுத்த வழக்கு ஐந்தரை ஆண்டுகள் நடந்து, 2012 பிப்ரவரி 8 அன்று ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அந்தக் குடும்பத்தின் பெயரால் ரபோன் வழக்கு என்று அழைக்கப்படும் இதை ஒவ்வொரு மனநல வார்டும் ஒருமுறையாவது முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும். மனநலச் சிகிச்சையில் சட்டச் சிக்கல் என்றதும் தவறான மருந்தும் தவறான நோயறிதலும்தான் நினைவுக்கு வரும். இங்கே இரண்டைப் பற்றியும் பேச்சே இல்லை. வார்டின் வாசலில், ஒரு கூட்டத்தில் எடுத்த ஒரே முடிவு மொத்த வழக்காகிவிட்டது.

நடந்தவை

நோயாளிக்கு ஏற்கெனவே மனச்சோர்வு நோய் இருந்தது. 2005 மார்ச் 4 அன்று தற்கொலை முயற்சிக்குப் பிறகு முதலில் சேர்க்கப்பட்டார். நிலை தேறியதாகக் கண்டு மார்ச் 18 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் மீண்டும் சரிந்தது, மீண்டும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டார். ஏப்ரல் 11 அன்று திரும்பவும் சேர்ந்தார். இந்த முறையும் தானாக முன்வந்து சேர்ந்த நோயாளிதான், மனநலச் சட்டப்படி அடைத்து வைக்கப்பட்டவர் அல்ல.

சேர்க்கும்போதே அபாயம் அதிகம் என்று குறிக்கப்பட்டது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும்படி கண்காணிப்பு போடப்பட்டது. கூடவே, இவர் வெளியேற முயன்றாலோ வெளியேற வேண்டும் என்று கேட்டாலோ சட்டப்படி நிறுத்தி வைக்கலாமா என்று பரிசீலிக்க வேண்டும் என்ற குறிப்பும் எழுதப்பட்டது. இரண்டு நாள் கழித்து நர்ஸ் செய்த மதிப்பீட்டில் அபாயம் மிதமானது முதல் அதிகம் வரை. மகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டாம் என்று தந்தையும் வார்டிடம் கவலையோடு சொல்லியிருந்தார். இவ்வளவும் கோப்பில் இருந்தபோதுதான் ஏப்ரல் 19-ன் முடிவு எடுக்கப்பட்டது.

பொறுப்பு எங்கே பிறக்கிறது என்பதை அந்தச் சேர்க்கைக் குறிப்பு காட்டுகிறது. 11-ஆம் தேதி வார்டு தானே எழுதியது: போகிறேன் என்றால் நிறுத்தலாமா என்று பாருங்கள். 19-ஆம் தேதி போகிறேன் என்றார், வார்டு சரி என்றது. இடையில் என்ன மாறியது என்பதுதான் எந்த வழக்கறிஞரும் கேட்கும் முதல் கேள்வி. மாறியிருக்கலாம், மனநிலை எட்டு நாளில் மாறக்கூடியதுதான். ஆனால் பழைய எச்சரிக்கையை எழுதிய அதே கோப்பில், அந்த எச்சரிக்கை ஏன் இனிப் பொருந்தாது என்ற பதிலும் இருந்தாக வேண்டும்.

ஏன் இரண்டு வழியில் வழக்கு

இங்கிலாந்தில் மருத்துவ அலட்சியத்தை அளக்கும் அடிப்படை அளவுகோல் 1957-ல் வந்த போலம் தீர்ப்பு. அதுவும் ஒரு மனநல மருத்துவமனையைப் பற்றியதே என்பது பலருக்குத் தெரியாது. தசைத் தளர்வு மருந்து இல்லாமல் மின்னதிர்வுச் சிகிச்சை பெற்றவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பொறுப்பான மருத்துவர்களில் ஒரு சாராராவது அப்படிச் செய்திருப்பார்கள் என்றால் அலட்சியம் இல்லை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ரபோன் வழக்கில் மருத்துவமனையால் இந்தக் கோட்டைக்கூடத் தாண்ட முடியவில்லை. நியாயமான எந்த மனநல மருத்துவரும் அந்த விடுப்பைத் தந்திருக்க மாட்டார் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. அலட்சியத்துக்காக, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக் கணக்குக்கு (எஸ்டேட்) 7,500 பவுண்டு தந்து சமரசம் ஆயிற்று.

பெற்றோருக்கு என்ன? 1976-ன் மரண விபத்துச் சட்டப்படி பிள்ளையை இழந்த துயரத்துக்கான இழப்பீடு, பிள்ளைக்கு 18 வயது நிரம்பாதிருந்தால்தான். இவருக்கு 24. ஆகவே அலட்சியச் சட்டத்தில் பெற்றோர் தங்கள் பெயரில் கேட்க ஒன்றுமே இல்லை. அதனால்தான் அவர்கள் 1998-ன் மனித உரிமைச் சட்டத்தைப் பிடித்தார்கள். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவு உயிர் வாழும் உரிமையைச் சொல்கிறது. ஒருவரின் உயிருக்கு உண்மையான, உடனடியான ஆபத்து இருப்பது அரசு அமைப்புக்குத் தெரிந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்றால், நியாயமாகச் செய்யக்கூடியதை அது செய்தாக வேண்டும். இந்தக் கடமை சட்டப்படி அடைக்கப்பட்ட மனநோயாளிக்கு உண்டு என்று 2008-ன் சாவேஜ் வழக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டது. தானாகச் சேர்ந்தவருக்கும் உண்டா என்பதே ரபோன் வழக்கின் மையக் கேள்வி.

உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இல்லை என்றன. உச்ச நீதிமன்றம் உண்டு என்றது. தானாகச் சேர்ந்தவர் என்பது பெயரளவில்தான், அவர் போக முயன்றிருந்தால் வார்டு சட்டத்தைப் பயன்படுத்தி நிறுத்தியிருக்க முடியும், நிறுத்தியிருக்கவும் வேண்டும் என்று நீதிபதிகள் கண்டார்கள். அடைக்கப்பட்டவருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு தோற்றத்தில் மட்டுமே.

ஆபத்து எந்த அளவில் இருந்தால் அது உண்மையான, உடனடியான ஆபத்து? இதில் தீர்ப்பு தந்த பதில் எண்களோடு இருக்கிறது. நிபுணர் சாட்சியப்படி, விடுப்பில் கிளம்பியபோது ஆபத்து சுமார் 5 சதவீதம், மறுநாள் 10, அதற்கு மறுநாள் 20. நூற்றுக்கு ஐந்து என்றாலும் அது அற்பமல்ல, அது உண்மையான ஆபத்துதான் என்று நீதிமன்றம் ஏற்றது. தொண்ணூற்றைந்து வாய்ப்பு நல்லபடியாக முடிய இருந்தது என்ற வாதம் இனி எடுபடாது. பெற்றோர் இருவருக்கும் தலா 5,000 பவுண்டு. மனித உரிமைச் சட்டத்தில் வழக்குப் போட ஓராண்டுதான் கெடு. அவர்கள் சில மாதம் தாமதித்திருந்தார்கள், நீதிமன்றம் அதையும் மன்னித்தது. கெடு முடிந்துவிட்டது என்று கோப்பை மூடி வைக்கும் நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தொகை சிறிதாகத் தோன்றலாம். ஐந்தரை ஆண்டு வழக்குச் செலவும், அந்த வார்டில் வேலை பார்த்தவர்கள் சுமந்ததும், ஒரு குடும்பம் மூன்று நீதிமன்றங்களில் தன் மகளின் கடைசி நாட்களைத் திரும்பத் திரும்பக் கேட்க நேர்ந்ததும் அந்தத் தொகையில் அடங்காது.

தானாகச் சேர்ந்தவர் இரவு இரண்டு மணிக்குப் போகிறேன் என்றால்

சட்டப்படி அடைக்கப்பட்ட நோயாளிக்கு விடுப்பு என்றால் 1983-ன் மனநலச் சட்டம், 17-ஆம் பிரிவு என்று ஒரு படிவம் வரும். எத்தனை மணி நேரம், யாரோடு, என்ன நிபந்தனை, யார் கையெழுத்து எல்லாம் அதில் நிரப்பியாக வேண்டும். தானாகச் சேர்ந்தவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. விளைவு தலைகீழாகிறது. அதே அளவு ஆபத்தில் இருப்பவர், காகிதமே இல்லாமல், ரவுண்ட்ஸில் ஒரு தலையசைப்போடு வெளியே போய்விடுகிறார். 17-ஆம் பிரிவுப் படிவத்தில் இருக்கும் எல்லாக் கட்டங்களும் கொண்ட ஒரு தாளை, அனுமதிச் சீட்டாக அல்லாமல் நோயாளியோடு சேர்ந்து போட்ட ஒப்பந்தமாக, தானாகச் சேர்ந்தவர்களுக்கும் வைப்பதே முதல் திருத்தம்.

இரண்டாவது, நிறுத்தி வைக்கும் அதிகாரத்தை வார்டில் எல்லோரும் கைவசம் வைத்திருப்பது. அதே மனநலச் சட்டத்தின் 5(2) பிரிவில் பொறுப்பு மருத்துவரோ அவர் நியமித்த பதில் மருத்துவரோ 72 மணி நேரம் வரை நிறுத்தலாம். மருத்துவர் உடனே வர முடியாவிட்டால் 5(4) பிரிவில், மனநலப் பதிவு பெற்ற நர்ஸ் 6 மணி நேரம் வரை நிறுத்தலாம். இங்கிலாந்தில் மருத்துவருக்கு ஹெச்1 படிவம், நர்ஸுக்கு ஹெச்2. பிழை நடக்கும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். அவசரப் பிரிவில் காத்திருப்பவர் இன்னும் உள்நோயாளி அல்ல, அவரிடம் 5-ஆம் பிரிவு செல்லாது. மருத்துவர் பிறகு 5(2) போட்டால் நர்ஸ் நிறுத்திய நேரமும் அந்த 72-க்குள்தான் கணக்கு. 72 முடிந்ததும் இன்னொரு 72 போட முடியாது. இந்தப் பிரிவு நிறுத்தி வைக்க மட்டுமே, சம்மதமில்லாமல் மருந்து கொடுக்க அல்ல. ஏஜென்சி மூலம் தற்காலிகமாக இரவு ஷிப்டுக்கு வந்த நர்ஸுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடாமல், ஒரே பக்கத் தாளாக அடித்து, இரண்டு படிவங்களோடும் நர்ஸ் மேசையில் வைத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "போனால் சட்டத்தில் அடைத்துவிடுவோம்" என்று மிரட்டி ஒருவரைத் தானாகச் சேர்ந்தவராகவே வைத்திருப்பது இன்னொரு வகைச் சட்ட மீறல். சம்மதம் போலித்தனமாகிவிடுகிறது, அடைக்கப்பட்டவருக்குக் கிடைக்கும் மேல்முறையீட்டு உரிமையும் கிடைக்காமல் போகிறது. நிறுத்த வேண்டிய நிலை என்றால் முறைப்படி நிறுத்த வேண்டும்.

விடுப்பைக் கட்டும் முறை

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து பல்லாண்டுகளாக நடந்துவரும் தற்கொலை குறித்த தேசிய ஆய்வு, இங்கிலாந்தில் உள்நோயாளிகளாக இருந்து தற்கொலை செய்துகொண்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒப்புதல் பெற்ற விடுப்பில் இருந்தவர்கள் என்று காட்டுகிறது. வார்டுக்குள் கண்ணாடிச் சன்னலையும் கதவுக் கைப்பிடியையும் மாற்றப் பெரும் பணம் செலவாகிறது, விடுப்புத் தாளுக்கோ ஐந்து நிமிடம்கூடத் தரப்படுவதில்லை.

எட்டு நாள் வார்டுக்குள் இருந்தவர் நேராக இரண்டு இரவுக்கு வெளியே போவது ஏணியின் கடைசிப் படியில் கால் வைப்பது போன்றது. முதலில் ஊழியரோடு வளாகத்துக்குள் அரை மணி நேரம். பிறகு உறவினரோடு பகலில் இரண்டு மணி நேரம். பிறகு ஒரு முழுப் பகல். அதன் பின்னரே ஒரு இரவு. ஒவ்வொரு படியிலிருந்து திரும்பியதும் நோயாளியிடமும் கூடப் போனவரிடமும் தனித்தனியாகப் பேசி, இருவரும் சொன்னதை எழுதிய பிறகே அடுத்த படி. இருவரையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்டால் உறவினர் வாய் திறக்க மாட்டார். நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு "இவள் ராத்திரி தூங்கவே இல்லை" என்று எந்தத் தாயும் சொல்வதில்லை.

விடுப்புத் தாளில் என்ன இருக்க வேண்டும்? கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், தங்கும் முகவரி, கூட இருப்பவரின் பெயர், அவரது இரண்டு தொலைபேசி எண்கள். கூட இருப்பவர் எந்நேரமும் கூட இருப்பாரா, வேலைக்குப் போவாரா, அப்போது யார் இருப்பார்? அவர் இதற்கு மனதாரச் சம்மதித்தாரா? வீட்டில் பழைய மாத்திரைகள் எவ்வளவு கிடக்கின்றன, அவற்றை யார் எங்கே எடுத்து வைக்கப் போகிறார்? விடுப்பில் தரும் மருந்து அந்த நாட்களுக்கு மட்டும், இரண்டு நாளென்றால் இரண்டு நாளுக்கானது, உறவினர் கையில். முதல் நாள் மாலை எத்தனை மணிக்கு வார்டிலிருந்து யார் அழைப்பார்? "ஏதாவது என்றால் கூப்பிடுங்கள்" என்ற வரி போதாது. தவிக்கிற குடும்பம் கூப்பிடத் தயங்கும். வார்டுதான் அழைக்க வேண்டும், அழைப்பவரின் பெயர் ஷிப்ட் பட்டியலில் ஏற வேண்டும்.

நோயாளி தனியாக வெளியே கிளம்பினால் குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்ற ஒற்றை வரி பெரும்பாலான தாள்களில் இருப்பதே இல்லை. ரபோன் வழக்கில் அந்தப் பெண் அன்றைய பொழுதின் பெரும்பகுதியைத் தாயோடு கழித்துவிட்டு, தோழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் போனார். ஒரு தாய்க்கு வளர்ந்த மகளைத் தடுக்க எந்த அதிகாரமும் இல்லை. கூடவே போகலாம், அல்லது உடனே வார்டுக்கு அழைக்கலாம் என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்லி வைத்தால்தான் அந்த நிமிடத்தில் கை நீளும்.

காலை ரவுண்ட்ஸில் ஒப்புக்கொண்ட விடுப்பு மாலை எட்டு மணிக்கும் செல்லும் என்று யாரும் எண்ணக் கூடாது. கிளம்பும் முன் பத்து நிமிடம் நர்ஸ் தனியே பேச வேண்டும். அந்த நேரத்தில் மனநிலை மாறியிருந்தால் விடுப்பை நிறுத்தும் அதிகாரம் நர்ஸுக்கு உண்டு, அதற்கு மருத்துவரின் மறு அனுமதி வேண்டாம் என்று வார்டு விதியிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால், சந்தேகம் வந்த நர்ஸும் பெரிய டாக்டர் சொன்னதாயிற்றே என்று விட்டுவிடுவார்.

திரும்பவில்லை என்றால்: 15 நிமிடத்தில் நோயாளிக்கும் உறவினருக்கும் அழைப்பு. பதில் இல்லையென்றால் 30 நிமிடத்துக்குள் ட்யூட்டி டாக்டர், ஆபத்து தெரிந்தவர் என்றால் அப்போதே காவல்துறை. இந்த எண்கள் வார்டுக்கு வார்டு மாறலாம். எந்த எண்ணாக இருந்தாலும் அது கிளம்பும் முன்பே அந்த நோயாளியின் தாளில் எழுதியிருக்க வேண்டும்.

குடும்பம் சொன்னதைக் கேட்பது ரகசிய மீறல் அல்ல

நோயாளியின் அனுமதி இல்லாமல் குடும்பத்திடம் பேசக் கூடாது என்ற விதியை, குடும்பம் பேசுவதையும் கேட்கக் கூடாது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். காது கொடுத்துக் கேட்க யார் அனுமதியும் வேண்டாம். வார்டிலிருந்து ஒரு தகவலும் சொல்லாமலேயே, "உங்களுக்கு என்ன கவலை, வீட்டில் என்ன பார்த்தீர்கள்" என்று கேட்டுவிடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் பொது நலன் கருதித் தகவலைச் சொல்லவும் இடமுண்டு என்பதை இங்கிலாந்தின் சுகாதாரத் துறையும் மருத்துவ அமைப்புகளும் 2014-ல் கூட்டறிக்கையாகவே வெளியிட்டன.

தந்தை சொன்ன எச்சரிக்கையும் தாய் சொன்ன எச்சரிக்கையும் ரபோன் வழக்கில் பெரிதாக நின்றன. குடும்பம் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. அதை எடைபோட்டதற்கு அடையாளம் இருக்க வேண்டும். குடும்பத்தின் கவலையை, அவர்கள் வாயில் வந்த சொல்லாகவே, மேற்கோள் குறியோடு எழுதுங்கள். அதன் கீழேயே, அதற்கு எதிராக முடிவெடுத்தால், ஏன் என்று எழுதுங்கள். "குடும்பம் பதற்றமாக உள்ளது" என்று சுருக்கிய கோப்பு நீதிமன்றத்தில் மிகக் கெட்ட சாட்சி.

இரண்டு குறிப்புகள், பக்கத்தில் வைத்து

கீழே உள்ளவை விளக்கத்துக்காக எழுதியவை, எந்த நோயாளியுடையதும் அல்ல. வழக்கமாக இப்படி இருக்கும்:

"நோயாளி நலம். தற்கொலை எண்ணம் இல்லை என்கிறார். அபாயம்: குறைவு. 2 நாள் விடுப்பு."

இப்படி இருந்தால் நோயாளிக்கும் நல்லது, வார்டுக்கும் நல்லது:

"காலை 11.20. சேர்ந்தபோது நாள் முழுக்க இருந்த சாகும் எண்ணம் கடந்த 3 நாளாக இரவில் மட்டும் வருவதாகச் சொல்கிறார். நேற்றிரவு 2 மணிக்கு விழித்து அழுததாக இரவு நர்ஸ் குறிப்பு. வீட்டுக்குப் போக விரும்பும் காரணம்: தங்கையின் பிறந்தநாள். தாய் சொன்னது: 'போன தடவையும் நல்லா இருக்கேன்னுதான் சொன்னா, ரெண்டு வாரத்துல திரும்பக் கூட்டிட்டு வந்தோம்.' தாயின் கவலை நியாயமானது, கடந்த டிஸ்சார்ஜுக்குப் பின் இதே வேகத்தில்தான் நிலை சரிந்தது. இரண்டு இரவு விடுப்பு யோசிக்கப்பட்டது, இப்போது வேண்டாம். இவருக்கு ஆபத்தான நேரம் இரவு, வார்டுக்கு வெளியே இன்னும் ஒருமுறைகூடப் போய்வரவில்லை. மாற்று: நாளை பகலில் தாயுடன் 2 மணி நேரம். நோயாளிக்கு ஏமாற்றம், ஆனாலும் ஒப்புக்கொண்டார். இன்றிரவு மனம் மாறி வெளியேற முயன்றால் பொறுப்பு நர்ஸ் நிறுத்தி வைத்து ட்யூட்டி டாக்டரை அழைக்கவும்."

எழுத நான்கு நிமிடம் ஆகும். யோசித்த தெரிவுகள் எவை, எதை ஏன் விட்டோம், நிலை மாறினால் யார் என்ன செய்ய வேண்டும் என மூன்றும் இதில் இருக்கின்றன. நாளைக்கே வேறு மருத்துவர் வந்தாலும் இதைப் படித்து அடுத்த படியை எடுக்க முடியும். பின்னால் எடுத்த முடிவு தவறாகவே முடிந்தாலும், அந்த நேரத்தில் தெரிந்ததை வைத்து நியாயமாக யோசித்த ஒருவர் இங்கே இருந்தார் என்பது வெளியே தெரியும்.

அபாயம் குறைவு, மிதம், அதிகம் என்று டிக் அடிக்கும் கட்டத்தைப் பற்றி: அதே தேசிய ஆய்வில், தற்கொலை செய்துகொண்ட மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் கடைசிச் சந்திப்பில் அபாயம் குறைவு என்றே குறிக்கப்பட்டவர்கள். சுய காயம் பற்றி 2022-ல் வந்த நைஸ் (இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் தேசிய அமைப்பு) வழிகாட்டுதல், எதிர்காலத் தற்கொலையைக் கணிக்க அபாய மதிப்பெண் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம், யாருக்கு என்ன சிகிச்சை என்பதையும் அவற்றை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கட்டம் நிரம்பியதும் மனம் யோசிப்பதை நிறுத்திவிடுகிறது. நிர்வாகம் கேட்கிறது என்பதற்காகக் கட்டத்தை வைத்துக்கொள்ள நேர்ந்தாலும், முடிவு அதன் மேல் நிற்கக் கூடாது.

15 நிமிடத் தாள்

கண்காணிப்புத் தாளில் 10.00, 10.15, 10.30, 10.45 என்று முன்கூட்டியே அச்சடித்த நேரங்கள் இரண்டு வகையில் கெடுதல். வார்டில் இரண்டு நாள் இருந்தவருக்கே எப்போது யார் எட்டிப் பார்ப்பார் என்று கணக்குத் தெரிந்துவிடும். எழுதுபவருக்கோ, ஒரு மணி நேரம் கழித்து நான்கு கட்டத்தையும் ஒரே கையெழுத்தில் நிரப்பும் ஆசை வரும். கேமரா பதிவைத் தாளோடு வைத்துப் பார்த்தால் ஒரு விசாரணையில் முதலில் உடைவது இதுதான். ஒரு பொய் வரி அகப்பட்டுவிட்டால், உண்மையாக நடந்த மீதிப் பார்வைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நேரத்தை வெற்றாக விடுங்கள். 15 என்பது உச்ச வரம்பு, அதற்குள் 7 நிமிடம், 12 நிமிடம், 9 நிமிடம் என்று மாறி மாறிப் போய்ப் பார்த்து, பார்த்த நேரத்தை அங்கேயே நின்று எழுத வேண்டும். "தூங்குகிறார்" என்றால் என்ன பார்த்தீர்கள்? மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன், வலப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார் என்று எழுதலாம். ஒருவரையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கண்காணிப்பில் போட்டால் பார்வை மங்கிவிடும், மாற்றிவிடுங்கள். புதிதாக ஷிப்டுக்கு வருபவர், இவரை எதற்காகக் கண்காணிக்கிறோம் என்ற காரணத்தைக் கேட்காமல் தாளை வாங்கக் கூடாது. பார்வை என்பது தலை எண்ணுவதாகச் சுருங்கிவிடாமல், பகலில் மூன்றில் ஒருமுறையாவது இரண்டு வார்த்தை பேச வேண்டும். எண்ணம் மாறுவது பேச்சில்தான் தெரியும்.

கட்டிடத்தைப் பற்றிச் சுருக்கமாக. இங்கிலாந்தின் மனநல வார்டுகளில் பாரம் தாங்கி நிற்கும் திரைக் கம்பிகளை 2002-க்குள் அகற்ற உத்தரவு வந்தது, வார்டுக்குள் நடக்கும் மரணங்கள் குறைந்தன. ஆபத்துப் புள்ளிகளை ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிப் பார்த்துப் பட்டியலிடுவது வழக்கமாகிவிட்டது. பட்டியலிட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது பட்டியலே போடாததைவிடச் சட்டத்தில் மோசம், தெரிந்தே விட்டீர்கள் என்பதற்கு அதுவே சான்று. ஒவ்வொரு வரிக்கும் எதிரே சரிசெய்யும் தேதி, பொறுப்பாளர் பெயர், அதுவரை என்ன இடைக்கால ஏற்பாடு என்ற மூன்றும் வேண்டும். அந்த அறையில் யாரைப் படுக்கவைக்கக் கூடாது என்பதுகூட ஓர் இடைக்கால ஏற்பாடுதான்.

எல்லோரையும் அடைத்து வைத்தால்?

ரபோன் தீர்ப்பு வந்தபின் சில இடங்களில் விடுப்பே தருவதில்லை என்று முடிவெடுக்கும் மனநிலை வருவது இயல்பு. அது பாதுகாப்பு அல்ல. காரணமில்லாமல் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிப்பது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவில் தனிப் பொறுப்பு. மேலும், உதவி கேட்டால் அடைத்துவிடுவார்கள் என்ற பயம் பரவினால் அடுத்த முறை அவர் வார்டுக்கே வரமாட்டார்.

2019 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு போர்ச்சுகலைச் சேர்ந்த ஃபெர்னாண்டஸ் டி ஒலிவெய்ரா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கோயிம்ப்ரா நகரின் மனநல மருத்துவமனையில் தானாகச் சேர்ந்திருந்தவர் வளாகத்தை விட்டு வெளியேறி இறந்தார். தானாகச் சேர்ந்தவருக்கும் காக்கும் கடமை உண்டு என்று நீதிமன்றம் உறுதிசெய்தது, ஆனாலும் அந்த மருத்துவமனை கடமை தவறவில்லை என்று பெரும்பான்மையாகக் கண்டது. திறந்த வார்டில் வைத்து நடத்துவது என்ற சிகிச்சை முறையையும் நீதிமன்றம் குறை சொல்லவில்லை. போர்ச்சுகல் தோற்றது வேறோர் இடத்தில்: மரணத்துக்குப் பின் நடந்த நீதி நடவடிக்கை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால், நோயாளியை நம்பி எடுத்த முடிவு தவறாக முடிந்தது என்பதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை என்பது தெரியும். எச்சரிக்கைகள் கைவசம் இருந்தும் அவற்றைக் கணக்கில் எடுக்காத முடிவுதான் ரபோனில் தோற்றது.

மரணம் நடந்துவிட்டால் முதல் நாள்

கோப்பில் யாரும் கை வைக்கக் கூடாது. எழுத விட்டுப்போனது இருந்தால், இன்றைய தேதி, இந்த நேரம், தாமதப் பதிவு என்று தலைப்பிட்டு, எந்த நேரத்து நிகழ்வைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லி எழுதலாம். மின்பதிவில் ஒவ்வொரு மாற்றமும் யார், எப்போது என்று தடம் விட்டுவிடும். நல்லெண்ணத்தில் திருத்திய ஒரு வரிகூட மறைப்பாகவே படிக்கப்படும். கண்காணிப்புத் தாள், விடுப்புத் தாள், ஷிப்ட் பட்டியல், ஒப்படைப்புக் குறிப்புகள், கேமரா பதிவு ஆகியவற்றின் அசலை அன்றே பூட்டி வைக்க வேண்டும். கேமரா பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும் என்பதை மறந்து இழந்த இடங்கள் பல.

மரண விசாரணை அதிகாரி விசாரிப்பார். மற்ற உயிர்களுக்கும் இதே ஆபத்து இருக்கிறது என்று கண்டால் இங்கிலாந்தின் மரண விசாரணை விதிமுறைகளில் 28-ஆம் விதியின்படி மருத்துவமனைக்கு அறிக்கை அனுப்புவார், 56 நாளுக்குள் பதில் தர வேண்டும், அது பொதுவில் வெளியாகும். விசாரணைக்கு முன்பே வார்டு தன் குறையைக் கண்டு திருத்தி, திருத்தியதற்குச் சான்றும் காட்டினால் பல நேரம் அந்த அறிக்கை தேவைப்படுவதில்லை. விடுப்புத் தாளை மாற்றினோம் என்று சொன்னால் போதாது, மாற்றிய பின் வந்த இருபது தாள்களை எடுத்து எத்தனை முழுதாக நிரம்பியுள்ளன என்று காட்ட வேண்டும்.

குடும்பத்திடம் என்ன பேசுவது? வழக்குக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. இங்கிலாந்தில் 2014 முதல் ஒளிவுமறைவின்றிச் சொல்வது சட்டக் கடமையாகிவிட்டது: நடந்ததைச் சொல்ல வேண்டும், வருத்தம் தெரிவிக்க வேண்டும், எழுத்திலும் தர வேண்டும். 2006-ன் இழப்பீட்டுச் சட்டத்தின் 2-ஆம் பிரிவுப்படி மன்னிப்புக் கேட்பது மட்டுமே அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. எனவே சட்ட ஆலோசகர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நோயாளியை நன்கு அறிந்த மூத்த மருத்துவரும் வார்டு பொறுப்பு நர்ஸும் அன்றே நேரில் போக வேண்டும். தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்போது தெரியவரும் என்று ஒரு தேதியும் கொடுத்து, ஒரே ஒரு ஆளின் பெயரையும் எண்ணையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். அந்தத் தேதி வரும்போது புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும், ஒன்றுமில்லை என்று சொல்லவாவது அழைக்க வேண்டும்.

அதே வார்டில் அன்றிரவு படுத்திருக்கும் மற்ற நோயாளிகளையும் பார்க்க வேண்டும். செய்தி அவர்களுக்கு எப்படியும் போய்விடும். அன்று மாலை ஷிப்டில் கூடுதலாக ஒருவரைப் போட்டு, ஏற்கெனவே விடுப்பில் வெளியே இருக்கும் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் இரவுக்குள் ஓர் அழைப்பு போட்டுவிடுங்கள்.